வாளியில் இரண்டு அங்குலத் தண்ணீர் போதும்

குழந்தை தவழ ஆரம்பித்ததும் அரிவாள்மனையை மேலே ஏற்றுகிறோம், கத்தியை ஒளிக்கிறோம். சரிதான். ஆனால் அரை வாளித் தண்ணீரைக் குளியலறையில் அப்படியே விட்டுவிட்டு போன் பேசப் போய்விடுகிறோம். சின்னக் குழந்தைக்கு உடம்போடு பார்த்தால் தலைதான் கனம். எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால், கையை ஊன்றி எழுந்துகொள்ளும் வலு இருக்காது. தண்ணீர்க் கனத்தில் வாளியும் சாயாது. மூக்கும் வாயும் மூழ்க இரண்டு அங்குலம் போதும். கத்தவும் முடியாது என்பதால் அடுத்த அறைக்குச் சத்தமே வராது.

ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிற ஊரில் பிடித்து வைக்காமல் முடியாதுதான். அப்படியானால் மூடியுள்ள டிரம்மில் பிடியுங்கள். குளியலறைக் கதவின் வெளிப்பக்கம், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். சம்ப் மூடியையும் ஒருமுறை பாருங்கள். அப்புறம், “தம்பியைப் பார்த்துக்கோடா” என்று ஐந்து வயது அண்ணனை நிறுத்திவிட்டுப் போவது காவலே இல்லை.

அடுத்தது பாட்டில். எங்கள் வீட்டிலும் பினாயில் பல வருஷம் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில்தான் இருந்தது. தெருவில் விற்பவர் அதில்தான் ஊற்றித் தருவார். மண்ணெண்ணெய், தின்னர் எல்லாவற்றுக்கும் இதே கதை. குழந்தைக்குத் தெரிந்தது பாட்டில் மட்டும்தானே. குடித்துவிட்டால் உப்புத் தண்ணீரோ புளித் தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது இதைவிடப் பெரிய தவறு. மண்ணெண்ணெய் வயிற்றில் செய்வதைவிட, வாந்தியோடு நுரையீரலுக்குள் போய்ச் செய்யும் கேடுதான் அதிகம். எதுவும் கொடுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

பூஜை அலமாரியை யாரும் சந்தேகப்படுவதில்லை. கற்பூரம் பார்க்கக் கற்கண்டு மாதிரியே இருக்கும். கொஞ்சம் விழுங்கினாலே சில நிமிடங்களில் வலிப்பு வரலாம். சளிக்கு என்று கைக்குழந்தையின் நெஞ்சிலும் மூக்கிலும் கற்பூர எண்ணெய் தடவும் பழக்கத்தையும் விட்டுவிடலாம்.

சூடான ரசம் கொட்டிவிட்டால் நம் கை முதலில் தேடுவது பற்பசை, மஞ்சள், இங்க், காபித்தூள். எதுவும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் புண்ணை 20 நிமிடம் காட்ட வேண்டும். குழந்தை வீறிடும்போது அது ரொம்ப நீளமான நேரம், ஐந்தாவது நிமிடத்திலேயே நிறுத்தத் தோன்றும். நிறுத்தாதீர்கள். புண் இல்லாத இடத்தை மட்டும் துணியால் போர்த்தி வையுங்கள், குளிரில் நடுங்கிவிடக் கூடாது. பிறகு சுத்தமான துணியால் புண்ணை மூடி மருத்துவமனைக்கு.

ரிமோட்டிலும் விளக்கு எரியும் பொம்மையிலும் இருக்கும் பொத்தான் பேட்டரியைப் பற்றி மட்டும் “காலையில் வெளியே வந்துவிடும்” என்று காத்திருக்காதீர்கள். உணவுக்குழாயில் சிக்கினால் எச்சில் பட்டு மின்சாரம் பாய்ந்து, இரண்டு மணி நேரத்திலேயே சதையை அரித்துவிடும். தீர்ந்துபோன பேட்டரியிலும் அதற்குப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தாலே உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இன்றைக்குச் செய்யக்கூடியது, மூடி ஆடுகிற ரிமோட்டை இறுக்க ஒரு சுற்று டேப்.