எழுத்து நின்றுபோனால் எங்கே பார்ப்பது?

பாதியில் எழுத்து நின்றுவிட்டதா? கோளாறு பெரும்பாலும் நின்ற இடத்தில் இருக்காது. இரண்டு மூன்று பத்திகளுக்கு முன்னால் இருக்கும். கதை என்றால், பாத்திரம் தன் இயல்புக்குப் பொருந்தாத எதையோ செய்திருக்கும். கட்டுரை என்றால், சொல்ல வந்ததை விட்டு வேறு பக்கம் திரும்பியிருக்கும். அந்த இடத்திலிருந்து கடைசிவரை வெட்டி, தனிக் கோப்பில் ஒட்டிவையுங்கள். அழிக்க வேண்டாம், பிறகு அதிலிருந்து நாலு வரி தேவைப்படும். வெட்டிய இடத்திலிருந்து புதிதாகத் தொடருங்கள்.

முதல் வரியே வரவில்லை என்றால் டைமரில் 10 நிமிடம் வைத்து, தாளில் பேனாவால் எழுதுங்கள். திரையில் எழுதினால் விரல் தானாக பேக்ஸ்பேஸுக்குப் போய்விடும். எழுதும்போதே திருத்துவதுதான் பலருக்குத் தடை. சொல் கிடைக்காத இடத்தில் ஒரு கோடு போட்டுத் தாண்டுங்கள். எடுத்துக்கொள்ளும் பொருள் சிறியதாக இருக்கட்டும். 'மழை' என்று தொடங்கினால் எல்லாரும் எழுதியதுதான் வரும். 'வாசலில் கிடக்கும் நனைந்த ஒற்றைச் செருப்பு' என்றால் இன்னொரு செருப்பு எங்கே என்று மனம் தேட ஆரம்பிக்கும்.

அன்றைய எழுத்தை முடிக்கும்போது வாக்கியத்தைப் பாதியில் விடுங்கள். "கதவைத் திறந்ததும் அவள்" என்று நிறுத்தி, அடுத்து என்ன என்பதை ஓரத்தில் இரண்டே சொற்களில் குறித்துவிட்டு எழுந்துவிடலாம். மறுநாள் வெற்றுத் தாளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

எழுதுவது மட்டுமல்ல, படிக்கவும் பிடிக்கவில்லை என்றால் அது அசதி. இந்தப் பயிற்சிகளை விட்டுவிட்டு நாலு நாள் தூங்குங்கள்.