வட்டைப் படிக்க மறுக்கும் டிரைவ்: பழுது எங்கே இருக்கிறது என்று கண்டறியும் முறை

கணினியில் செருகிய சிடியோ டிவிடியோ திறக்கவில்லை என்றதும், வட்டைப் படிக்கும் கருவியான டிரைவ் போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் பழுது வட்டில் இருக்கலாம், டிரைவில் இருக்கலாம், கணினியின் மென்பொருளிலும் இருக்கலாம். இம்மூன்றில் எது என்று உறுதியாகாத நிலையில் டிரைவைக் கழற்றுவதோ, அதைவிட மோசமாக, படிக்காத வட்டைக் குப்பையில் போடுவதோ கூடாது. பழைய படங்களும் குரல் பதிவுகளும் இன்னும் இந்த வட்டுகளில்தான் பலருக்கு இருக்கின்றன என்பதால், இதில் அவசரம் ஆகாது.

முதலில் மூன்று வட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: தொழிற்சாலையில் அச்சான ஒரு பாட்டு சிடி, அச்சான ஒரு டிவிடி, கணினியில் எழுதிய ஒரு வட்டு. டிவிடி டிரைவுக்குள் சிடிக்கு 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசரும், டிவிடிக்கு 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசரும் தனித்தனியாக உள்ளன. எனவே சிடிகள் எல்லாம் ஓடி டிவிடி ஒன்றுகூட ஓடவில்லை என்றால், அல்லது இதற்கு நேர்மாறாக நடந்தால், ஒரு லேசர் மட்டும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சரிசெய்ய முயல்வதைவிட டிரைவை மாற்றுவதே நல்லது. அச்சான வட்டுகள் ஓடி, எழுதிய வட்டு மட்டும் ஓடவில்லை என்றால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். எழுதிய வட்டில் தகவல் பெரும்பாலும் ஒரு சாயப் படலத்தில் பதிவாகிறது. அது ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவு குறைவு என்பதால், தளர்ந்துபோன லேசர் முதலில் தடுமாறுவது இதில்தான். அடுத்ததாக, எழுதி முடித்தபின் அந்த வட்டை ‘ஃபைனலைஸ்’ செய்யாமல் (அதாவது பதிவை நிறைவுசெய்து மூடாமல்) விட்டிருந்தால், எழுதிய கருவியைத் தவிர மற்றவை அதைக் காலி வட்டாகவே காட்டக்கூடும். புளூ-ரே வட்டுக்கு 405 நானோமீட்டர் லேசர் வேண்டும் என்பதால், சாதாரண டிவிடி டிரைவ் அதைப் படிக்காதது பழுதே அல்ல.

அடுத்து வட்டை விளக்கின்கீழ் சாய்த்துப் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும் கீறலைவிட, தகவல் பதிவாகியிருக்கும் சுருள் தடத்தோடு சேர்ந்து வளைந்து செல்லும் கீறல்தான் ஆபத்தானது. குறுக்குக் கீறலில் ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவே தகவல் கெடுகிறது, அதை டிரைவின் பிழைதிருத்த முறை ஈடுகட்டிவிடும். வளைந்த கீறலிலோ தொடர்ச்சியாக நீண்ட பகுதியே போய்விடுகிறது. துடைக்கும்போதும் இதை மனத்தில் வைத்து, நூல் பிரியாத மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. சிடியில் பலரும் கவனிக்காத இடம் அதன் மேற்புறம். தகவல் இருக்கும் பளபளப்பான படலம், எழுத்து அச்சான பக்கத்துக்கு உடனடியாகக் கீழே, மெல்லிய அரக்குப் பூச்சின் பாதுகாப்பில் மட்டுமே இருக்கிறது. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திப் பெயர் எழுதிய ஒரு சிடியை நான் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது, எழுத்தின் கோடுகள் வழியே ஒளி ஊசிமுனையாகக் கசிந்தது. அந்த இடங்களில் இருந்த படங்கள் திரும்பக் கிடைக்கவில்லை. விரிசல் விட்ட வட்டை ஒருபோதும் செருகாதீர்கள்: வேகமான டிரைவில் வட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10,000 சுற்றுவரை சுழலும், உடைந்தால் துண்டுகள் டிரைவையே சேதப்படுத்திவிடும்.

வட்டில் குறையில்லை என்றால் டிரைவின் ஓசையைக் கேளுங்கள். தட்டு உள்ளே போனதும், லென்ஸ் மேலும் கீழும் அசைந்து குவியத்தைத் தேடும் மெல்லிய ‘டிக்’ சத்தமும், அதைத் தொடர்ந்து வட்டு வேகமெடுக்கும் இரைச்சலும் கேட்க வேண்டும். வேகமெடுத்து, தணிந்து, மறுபடி வேகமெடுத்து, கடைசியில் நின்றுவிட்டால் டிரைவ் படிக்க முயன்று தோற்கிறது; லென்ஸில் தூசி படிந்திருக்கலாம். குளிரான இடத்திலிருந்து இப்போதுதான் கொண்டுவந்த கருவி என்றால் லென்ஸில் ஈரம் கோத்திருக்கும், ஓரிரு மணி நேரம் காத்திருந்தால் போதும்.

மடிக்கணினி டிரைவில் தட்டை இழுத்தாலே லென்ஸ் கண்ணில் படும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஊதுபந்தால் தூசியை அகற்றுங்கள். அது போதாவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒருமுறை வருடி, நன்றாக உலரவிடுங்கள். லென்ஸ் மயிரிழை போன்ற கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தினால் இடம் பெயர்ந்துவிடும். மேசைக் கணினி டிரைவில் லென்ஸ் உள்ளே மறைந்திருப்பதால், சிறு தூரிகை வைத்த சுத்தம்செய்யும் வட்டை முதலில் முயலலாம். மூடியைக் கழற்றிய நிலையில் மட்டும் டிரைவை இயக்கிவிடாதீர்கள். அகச்சிவப்பு லேசர் கண்ணுக்குத் தெரியாமலே விழித்திரையைப் புண்ணாக்கும்.

யூஎஸ்பி வழியே இணைக்கும் வெளி டிரைவாக இருந்தால், ஹப்பை (ஒரு துளையைப் பலவாக்கும் இணைப்புப் பெட்டியை) விலக்கிவிட்டு நேரடியாகக் கணினியில் செருகிப் பாருங்கள். யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லியாம்பியர் மின்னோட்டம் மட்டுமே தரும்; வட்டைச் சுழற்றத் தொடங்கும் கணத்தில் அது போதாமல் போகலாம்.

டிரைவின் பெயரே விண்டோஸில் தெரியவில்லை அல்லது கணினியின் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு தெரிகிறது என்றால், அங்கேயே அதை ‘அன்இன்ஸ்டால்’ செய்து கணினியை மறுபடி தொடங்குங்கள். விண்டோஸ் தானாகவே அதை மீண்டும் நிறுவிக்கொள்ளும். வட்டு எழுதும் பழைய மென்பொருள்கள், விண்டோஸின் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் விட்டுச்செல்லும் ‘அப்பர்ஃபில்டர்ஸ்’, ‘லோயர்ஃபில்டர்ஸ்’ பதிவுகளும் இப்படி வழிமறிப்பதுண்டு. ஆனால் ரெஜிஸ்ட்ரியின் நகலைச் சேமிக்காமல் அங்கே கைவைக்க வேண்டாம். எனக்கு அதைவிட நம்பகமாகத் தோன்றும் சோதனை, பென்டிரைவிலிருந்து, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கி அதே வட்டைத் திறந்து பார்ப்பது: அங்கே திறந்தால் டிரைவுக்குப் பழுதில்லை, விண்டோஸில்தான் கோளாறு. கோப்புகள் எல்லாம் தெரிந்து படம் மட்டும் ஓடவில்லை என்றால், டிவிடி படத்தை ஓட்டும் வசதி விண்டோஸ் 10-இல் உள்ளமைந்து வராததே காரணமாக இருக்கலாம். விஎல்சி என்ற இலவச பிளேயரை நிறுவினால் போதும்.

வேறு நகல் இல்லாத வட்டு மட்டும் படிக்க மறுத்தால், பற்பசை போட்டுத் தேய்க்கும் யோசனையை ஏற்காதீர்கள்; அது புதிய கீறல்களைத்தான் போடும். முதலில் அந்த வட்டை இன்னும் இரண்டு மூன்று டிரைவுகளில் முயலுங்கள், ஏனெனில் ஒன்று கைவிட்ட வட்டை மற்றொன்று படிப்பது அடிக்கடி நடப்பதுதான். அதன்பின் லினக்ஸில் ‘டிடிரெஸ்க்யூ’ நிரலை இயக்கினால், படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துவைத்துக்கொண்டு, எஞ்சிய இடங்களுக்குத் திரும்பத் திரும்பச் செல்லும். எதுவரை எடுத்தது என்று அது குறித்துவைக்கும் பதிவுக் கோப்பைச் சேமித்திருந்தால், அதே வேலையை நாளை வேறொரு டிரைவில் விட்ட இடத்திலிருந்து தொடரவும் முடியும்.