தொட்டித் தண்ணீர் கொதித்த கதை

மணிக்கு 300 கிலோ எஃகுத் தண்டுகளை 850 டிகிரியில் சிவக்கச் சுட்டு, கடினமாக்கத் தண்ணீர்த் தொட்டியில் முக்குவோம். உள்ளே வரும் நீர் 28 டிகிரி. அது 38-ஐத் தாண்டாதபடி, அதாவது 10 டிகிரிக்கு மேல் கூடாதபடி, பம்ப் அளவை நான்தான் கணக்குப் போட்டேன். எஃகின் தன் வெப்பம் (ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடேற்றத் தேவையான கிலோஜூல்) 0.49, இறங்க வேண்டியது 800 டிகிரி. ஆக மணிக்கு 1,17,600 கிலோஜூல். அதைத் தண்ணீரின் தன் வெப்பமான 4.18-ஆலும், 10 டிகிரியாலும், 60 நிமிடத்தாலும் வகுத்தால் நிமிடத்துக்கு 47 லிட்டர். சரி என்று பம்பை மாட்டினோம்.

மதியத்துக்குள் வெளியேறும் நீர் 42 டிகிரி. தண்டுகளில் கடினமும் சீராக இல்லை. கடின எண் ஓரிடத்தில் 50, பக்கத்திலேயே 38.

முதலில் பம்பைத்தான் திட்டினேன். 20 லிட்டர் வாளியைப் பிடித்துப் பார்த்தால் 25 வினாடியில் நிரம்பியது. பாவம், பம்ப் சொன்னபடிதான் இறைத்தது!

தப்பு அந்த 0.49-இல். அது அறை வெப்பநிலைக்கான எண். சூடு ஏற ஏற எஃகின் தன் வெப்பமும் ஏறும். 700 டிகிரியைத் தாண்டியதும் உள்ளமைப்பு மாறுவதால் இன்னும் கூடுதல் வெப்பத்தை விழுங்கிக்கொள்ளும். அத்தனையும் தண்ணீரில்தான் இறங்கியாக வேண்டும். 850 வரைக்கும் சராசரியாக 0.7 வைத்தால் 1,68,000 கிலோஜூல், 67 லிட்டர்.

80 லிட்டர் பம்ப் போட்டேன். வெளியேறும் நீர் 37-ஐத் தாண்டவில்லை. ஆனாலும் சில தண்டுகளில் மென்மைத் திட்டுகள் இருந்தன. அது ஓட்ட அளவுக் கணக்கில் வராத சங்கதி: தண்டைச் சுற்றி ஒட்டிக்கொண்டு, அது வேகமாகக் குளிர்வதைத் தடுக்கும் நீராவிப் படலம். அப்புறம் உள்வரும் குழாயில் துளைகள் போட்டு, தண்ணீரைத் தண்டுகள் மீதே பீய்ச்சினோம். திட்டுகள் மறைந்தன.