கொட்டாப்புளியை நீங்களே செய்யலாம்

உளியை இரும்புச் சுத்தியலால் அடித்தால் அதன் பிடி சீக்கிரமே பிளந்துவிடும். அதற்கு மரச் சுத்தியலான கொட்டாப்புளிதான் சரி. நன்றாகக் காய்ந்த புளியமர வைரத்தில் (உட்பகுதியின் கெட்டியான கட்டையில்) 6 அங்குல நீளம், 3½ அங்குல உயரம், 2½ அங்குல கனத்தில் ஒரு கட்டை போதும். ஈர மரம் வேண்டவே வேண்டாம், காயும்போது வெடிக்கும்.

சூட்சுமம் கைப்பிடி செருகும் துளையில்தான் இருக்கிறது. ¾ அங்குல அகலமுள்ள துளையின் நீளம் கீழ்ப்பக்கம் 1¼, மேல்பக்கம் 1½ அங்குலம் இருக்கட்டும். கைப்பிடியையும் அதே சரிவில் மேல்நோக்கி அகலமாக இழைத்து, மேலிருந்து கீழாகச் செருகுங்கள். வீசும்போது தலை வெளியே பறக்கப் பார்க்கும்; அகலமான முனை அதைப் பிடித்துக்கொள்ளும். ஆணியோ பசையோ தேவையில்லை. வெயில் காலத்தில் மரம் சுருங்கித் தளர்ந்தால், கைப்பிடியின் மேல்முனையில் ஒரு தட்டு தட்டுங்கள், மறுபடி இறுகிவிடும்.

அப்புறம், அடிக்கும் முகங்கள் இரண்டையும் கைப்பிடிப் பக்கம் லேசாக உள்சாய்வாகச் சீவுங்கள். முழங்கையை ஊன்றி வீசும்போது முகம் உளியின் மேல் நேராக விழும். எனக்கு இந்தச் சாய்வு இல்லாத கொட்டாப்புளியைப் பிடிக்கவே பிடிக்காது, மணிக்கட்டு வலிக்கும். முகங்களின் ஓரங்களை அரத்தால் மழுக்கி, ஆளிவிதை எண்ணெய் தடவுங்கள்.