கேபினில் காயாத லுங்கி: வண்டியிலேயே வாழ்பவர்கள் துணி துவைப்பதில் செய்யும் தவறுகள்

நாமக்கல், சங்ககிரிப் பக்கம் வெளிமாநிலத்துக்கு லைன் லாரி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு டிரிப் என்றால் பதினைந்து நாள், இருபது நாள். போர் போடுகிற ரிக் வண்டியில் போகிற திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு அதுவே மாதக்கணக்கு. சமையலும் தூக்கமும் வண்டியோடு பழகிவிடும், துணி துவைப்பது மட்டும் பழகவே பழகாது. இப்போது வேனை வீடாக மாற்றிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பும் பையன்களும் அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். எட்டு வருடம் லாரியில் இருந்தவன் நான், இதில் முக்கால்வாசியை நானே செய்திருக்கிறேன்.

பெரிய தவறு சோப்புதான். வீட்டில் கைப்பிடி கைப்பிடியாகத் தூள் போடுகிற பழக்கத்தில் வண்டியிலும் அள்ளிப் போடுவோம். துவைக்க அரை வாளி தண்ணீர் போதும், அந்த நுரையை எடுக்கத்தான் மூன்று வாளி கேட்கும். கேனில் இருப்பதே நாற்பது லிட்டர், சோறு, குளியல், பாத்திரம் எல்லாம் அதில்தான். தண்ணீருக்குப் பயந்து அரைகுறையாக அலசினால் சோப்பு துணியிலேயே தங்கி, மறுநாள் வியர்வையோடு சேர்ந்து இடுப்பைச் சுற்றி அரிக்கும். அதை வேர்க்குரு என்று நினைத்துப் பவுடர் அடித்துக்கொண்டு திரிவோம். இரண்டு செட் துணிக்கு ஒரு தேக்கரண்டி தூள் தாராளம். அலசுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது: வாளி நிறையத் தண்ணீரில் ஒரே தடவை முக்கி எடுப்பதைவிட, அதே தண்ணீரை இரண்டாகப் பிரித்து, நடுவில் நன்றாக முறுக்கிப் பிழிந்துவிட்டு இரண்டு தடவை அலசினால் சோப்பு அதிகமாகப் போகும். பிழியாமல் அலசுகிறவன் சோப்புத் தண்ணீரையே அடுத்த வாளிக்குக் கொண்டுபோகிறான், அவ்வளவுதான்.

அப்புறம், எந்த ஊர்த் தண்ணீர் என்று பார்க்காமல் துவைப்பது. போர் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் அதிகமாக இருந்தால் சவுக்காரம் நுரைக்காது, வெள்ளையாகத் திரிந்து துணியில் ஒட்டும். நுரை வரவில்லையே என்று நாம் இன்னும் தேய்ப்போம், துணி அட்டை மாதிரி விறைக்கும். அந்த மாதிரித் தண்ணீருக்கு டிடர்ஜென்ட் தூள்தான் சரி. குஜராத்தில் காந்திதாம் பக்கம் லோடு இறக்கப் போனபோது உப்புத் தண்ணீரிலேயே கடைசி அலசலையும் முடித்தேன். மதியம் சட்டை நன்றாகக் காய்ந்திருந்தது, ராத்திரி பார்த்தால் நசநசவென்று இருந்தது. துணியில் தங்கிய உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது இரண்டு லிட்டர் நல்ல தண்ணீரை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போய் மொத்தமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று சேர்த்து வைப்பது இன்னொன்று. ஈரத் துண்டையும் பனியனையும் கேரி பேக்கில் முடிந்து சீட்டுக்கு அடியில் தள்ளினால், இரண்டு நாளில் பாக்டீரியா பெருகி அந்தப் புளித்த வாடை வந்துவிடும், பிறகு இரண்டு தடவை துவைத்தாலும் முழுதாகப் போகாது. அரைகுறையாகக் காய்ந்த ஜட்டியைப் போட்டுக்கொண்டு சூடான சீட்டில் பத்து மணி நேரம் உட்கார்ந்தால் படர்தாமரைக்கு வேறு காரணமே வேண்டாம். டிரைவரும் கிளீனரும் ஒரே துண்டைப் பயன்படுத்தினால் அது இருவருக்குமே வரும். உள்ளாடையும் துண்டும் அன்றன்றைக்கே, ஜீன்ஸ் ஊரிலேயே இருக்கட்டும். லுங்கியும் மெல்லிய ஈரோட்டுத் துண்டும் டீ குடித்துச் சாப்பிட்டு வருவதற்குள் பாதி காய்ந்துவிடும்.

காயப்போடுவதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கையால் பிழிந்த ஒரு கிலோ பருத்தித் துணியில் அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் இருக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டு கேபினுக்குள் கட்டினால் அந்த அரை லிட்டரும் கண்ணாடியிலும் மெத்தையிலும்தான் போய்ச் சேரும். டிசம்பரில் பஞ்சாப், ஹரியானா பக்கம் வெளியே பனிமூட்டம், உள்ளேயும் கண்ணாடியில் ஆவி படிந்து மூடிக்கொண்டால் வண்டியை எப்படி ஓட்டுவது? காய்ந்த துண்டுக்குள் ஈரத் துணியை வைத்து பாய் மாதிரிச் சுருட்டி, இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து முறுக்குங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

ஓடுகிற வண்டியில் வெளியே கட்டுவதும் வேண்டாம். சோலாப்பூர் தாண்டி எங்கள் கிளீனர் தம்பி தார்ப்பாய்க் கயிற்றில் செருகிய லுங்கி பறந்துபோய்ப் பின்னால் பைக்கில் வந்தவர் முகத்தில் விழுந்தது. அவர் மெதுவாக வந்ததால் தப்பித்தோம், அவர் திட்டியது மராத்தி தெரியாத எனக்கும் நன்றாகவே புரிந்தது. சைடு கண்ணாடியை மறைத்தும், சைலன்சர் பக்கத்திலும் கட்டாதீர்கள். வண்டி நிற்கும்போது இரண்டு கயிற்றை ஒன்றாக முறுக்கி இழுத்துக் கட்டி, அந்த முறுக்குக்குள் துணி முனையைச் செருகினால் கிளிப்பே தேவையில்லை, காற்றும் பிடுங்காது.

கிரீஸ் கறைக்கு டீசல் ஊற்றித் தேய்க்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. கறை போகும், வாடை வாளியில் உள்ள மற்ற துணிக்கெல்லாம் ஏறும். அதைவிடக் கெட்டது, அந்தத் துணியை அடுப்புப் பக்கம் காயப்போடுவது. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீர் படாமல் கறையில் நேராகத் தேய்த்துப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள்.

மூடி போட்ட வாளியில் துணியையும் சோப்புத் தண்ணீரையும் போட்டு வண்டி குலுக்கலிலேயே துவைப்பது நல்ல யோசனைதான். ஆனால் கழுத்து வரை நிரப்பினால் துணி புரளாது, பாதி வரை போதும். நாலுவழிச் சாலையில் அது ஊறுமே தவிரத் துவைக்காது, கிராமத்து ரோடுதான் சரியான மெஷின்.

நிஜ மெஷின் வாங்கி வேனில் வைக்கிறவர்களுக்கு ஒன்று. 12 வோல்ட், 100 ஏஎச் பேட்டரியில் இருப்பது 1,200 வாட்-மணி, லெட் ஆசிட் என்றால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். தண்ணீரைச் சுடவைக்கிற ஃபிரன்ட் லோடு மெஷினின் ஹீட்டர் 2,000 வாட் வரை இழுக்கும், அந்தப் பேட்டரி தாங்காது. ஹீட்டர் இல்லாத சின்ன மெஷின் போதும்.

சோப்புத் தண்ணீரை ஆற்றிலும் குளத்திலும் ஊற்றாதீர்கள், அறுபது மீட்டராவது தள்ளி மண்ணில் ஊற்றுங்கள். தாபா தொட்டியில் சோப்புக் கையோடு மக்கை விட்டு மொள்ளுகிற ஆட்களால்தான், முன்பெல்லாம் சும்மா குளிக்க விட்ட இடங்களில் இப்போது தொட்டிக்கு மூடி போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள். முதலில் வாளியில் மொண்டுகொண்டு, தள்ளிப் போய், அப்புறம் சோப்பை எடுங்கள்.