பயப்படாமல் தட்டுங்கள், கன்ட்ரோல் + இசட் இருக்கிறது

கணினி கற்கத் தொடங்கும் பலரைத் தடுப்பது பயம்தான். தெரியாமல் எதையாவது அமுக்கி எல்லாம் போய்விட்டால்? அதனால்தான் மவுஸ் பிடிப்பதற்கும் முன்னால் கன்ட்ரோல் + இசட்டைத்தான் நான் சொல்லித்தருவேன்.

கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே இசட்டை ஒருமுறை தட்டுங்கள். கடைசியாகச் செய்தது ரத்தாகிவிடும். மறுபடி தட்டினால் அதற்கு முந்தையதும். அதிகமாகப் பின்னால் போய்விட்டால் கன்ட்ரோல் + ஒய், ரத்தானது திரும்பி வரும். மேக் கணினியில் இசட்டுடன் கமாண்ட் விசையை அழுத்த வேண்டும்.

இது தட்டச்சுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். விண்டோஸில் ஒரு கோப்பைத் தவறான ஃபோல்டருக்கு இழுத்துப் போட்டுவிட்டாலும், பெயரை மாற்றிவிட்டாலும் உடனே இதே விசைகளை அழுத்தினால் பழையபடி வந்துவிடும். டெலீட் செய்த கோப்பு ரீசைக்கிள் பின் என்ற குப்பைத்தொட்டியில் இருக்கும். அதன்மேல் வலது கிளிக் செய்து ரீஸ்டோர் கொடுங்கள், பழைய இடத்துக்கே திரும்பும்.

சரி, எங்கே கைகொடுக்காது? ஷிஃப்ட் + டெலீட் அழுத்தினால் கோப்பு ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. பென் டிரைவில் அழிப்பதும் பெரும்பாலும் அப்படித்தான். அங்கே நிதானம் வேண்டும். அப்புறம், பல மென்பொருள்களில் கோப்பை மூடிவிட்டால் இந்த வசதியும் அதோடு போய்விடும்.

இன்றே நோட்பேடைத் திறந்து நாலு வரி அடியுங்கள். கன்ட்ரோல் + ஏ கொடுத்து மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து டெலீட் செய்யுங்கள். திரை வெறுமையானதும் கன்ட்ரோல் + இசட். நாலு வரியும் அப்படியே திரும்பி வரும்.