எப்ப இறக்கினது? வன்னிப் பயணத்தில் குடியிலும் சாப்பாட்டிலும் விடும் பிழைகள்

ஆடி பிறந்தால் வன்னிக்குப் போகும் ஏ9 வீதியில் வாடகை வான்கள் கூடிவிடும். கனடாவிலிருந்தும் சுவிசிலிருந்தும் வந்த உறவுகள், கொழும்பிலிருந்து கூட்டிவந்த நண்பர்கள் என்று வவுனியா தாண்டியதுமே எல்லாருக்கும் தவறணை, அதாவது கள்ளுக்கடை, நினைவு வந்துவிடுகிறது. போயா (பௌர்ணமி) நாளில் பார் பூட்டு, 21 வயதாகாதவருக்கு விற்கமாட்டார்கள், வெறும் வயிற்றில் குடிக்கக் கூடாது என்பதெல்லாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வருடா வருடம் புதிதாக வருகிறவர்கள் அச்சுப் பிசகாமல் திரும்பச் செய்யும் பிழைகள் வேறு.

ஆவணியில் பனங்கள்ளுக்கு அடம்பிடிப்பது

பனங்கள்ளு தாராளமாகக் கிடைப்பது பங்குனி, சித்திரை, வைகாசி. ஆடி கழிந்தால் வரத்துக் குறைந்துவிடும். தென்னங்கள்ளுதான் ஆண்டு முழுக்க. இல்லாத காலத்தில் "பனைதான் வேணும்" என்று விடாப்பிடியாகக் கேட்டால், பனை என்று சொல்லி எதையாவது ஊற்றித் தருவார்கள். காசையும் கூட்டி வாங்குவார்கள்.

நேரம் கேட்காமல் வாங்குவது

பியர் போத்தலில் எத்தனை வீதம் என்று எழுதியிருக்கும். கள்ளுக்கு அப்படி ஒரு நிலையான எண் கிடையாது. பாளையிலிருந்து சொட்டும் நீரில் நூற்றுக்குப் பத்துப் பங்கோ அதற்குச் சற்றுக் கூடவோ சீனி இருக்கும். பாளையில் கட்டிய முட்டிக்குள் (மண்பானைக்குள்) சுண்ணாம்பு பூசியிருந்தால் அது புளிக்காமல் கருப்பநீராக நிற்கும். பூசாவிட்டால் மரத்தில் இருக்கும்போதே காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவம் (ஈஸ்ட்) வேலையைத் தொடங்கிவிடும். இறக்கி இரண்டு மணித்தியாலத்துக்குள் மதுசாரம் 4 வீதம் வரை ஏறலாம். பின்னேரம் இனிப்புக் குறைந்து புளிப்பும் வெறியும் கூடும். ஒருநாள் கழிந்தால் வினாகிரிப் பக்கம் திரும்பிவிடும்.

ஆகவே விலைக்கு முதல் கேட்கவேண்டியது, "அண்ணை, இது எப்ப இறக்கினது?" என்பதுதான். "காலமைக் கள்ளு, தம்பி" என்றால் நேரத்தைக் கணக்குப் பாருங்கள். காலை ஒன்பது மணிக்கு மூன்று பிளா (ஓலைக் கிண்ணம்) குடித்தவர், மாலை நான்கு மணிக்கு அதே முட்டியில் அதே மூன்று பிளாவைக் குடித்துவிட்டுத் தடுமாறுவது இதனால்தான்.

மூடியை இறுக்கிக் காரில் வைப்பது

இதை மட்டும் எத்தனை முறை சொன்னாலும் ஆறாது. நல்ல கள்ளு கிடைத்துவிட்டது, கொழும்பில் இருக்கும் மச்சானுக்கும் ஒரு வாய் கொடுக்கவேண்டும் என்று ஆசை. ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைக் காலிசெய்து, கழுத்துவரை கள்ளை ஊற்றி, சிந்தக்கூடாது என்று மூடியைப் பல்லைக் கடித்து இறுக்கி, பின்சீற்றுக்குக் கீழே படுக்கவைப்பார்கள். கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். நடுப்பகல் வெயில்.

உள்ளே என்ன நடக்கிறது? ஒரு லீற்றர் கள்ளில் 100 கிராம் சீனி இருந்தால், அது முழுக்கப் புளித்து முடியும்போது 25 லீற்றருக்கு மேல் காபனீரொட்சைட்டு வெளிவரும். அதில் கால்வாசி வந்தாலே போதும், போகும் இடமின்றிப் போத்தலை உப்பவைக்கும். சூடு கூடக்கூட மதுவமும் வேகம் பிடிக்கும். தண்ணீர்ப் போத்தலின் பிளாஸ்ரிக் மெல்லியது. முதலில் அடி பிதுங்கும், போத்தல் நிமிர்ந்து நிற்காது, பிறகு மூடி பறக்கும். சோடாப் போத்தல் தடிப்பு என்பதால் தப்பிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு வெடிப்புச் சற்றுப் பிந்தி, சற்றுப் பலமாக வரும். கண்ணாடிப் போத்தலில் அடைப்பவர்களிடம் பேசிப் பயனில்லை. அது சிதறினால் கண் போகும்.

வெடிக்காமல் தப்பினாலும் மதவாச்சியில் தேத்தண்ணிக்கு நிறுத்தி "ஒருக்கால் பார்ப்பம்" என்று திறப்பார்கள். பாதிக் கள்ளு வான் கூரையில். சீற்றுப் பஞ்சுக்குள் இறங்கியது இரண்டு நாளில் வினாகிரியாக நாறும், இலையான் மொய்க்கும். வாடகை வான் என்றால் கழுவுகூலியும் தலையில். இத்தனைக்கும் பிறகு மிஞ்சுகிற கள்ளு, காலையில் குடித்த அந்தக் கள்ளும் அல்ல.

கொண்டுபோயே ஆகவேண்டும் என்றால்:

பன்னாடையாலோ துணியாலோ வடித்து, முட்டியின் அடியில் உறையும் மண்டியை விட்டுவிடுங்கள். மதுவம் திரண்டிருப்பது அதில்தான். போத்தலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஊற்றவேண்டாம். மூடியை வைத்து ஒரு சுற்றுத் தளர்த்தி, நிமிர்த்தி, ஐஸ் பெட்டிக்குள் வையுங்கள். குளிர் புளிப்பை மெதுவாக்கும், நிறுத்தாது. அரை மணிக்கு ஒருதரம் மூடியைத் தொட்டுப் பாருங்கள், ஆட்டத்தில் தானாக இறுகியிருக்கும். இப்படி இரண்டு மணித்தியாலம் தாங்கும். அதற்கு மேற்பட்ட பயணத்துக்குச் சூடாக்கிப் பதப்படுத்தி அடைத்த போத்தல் கள்ளை வாங்குங்கள். சுவை பாதிதான், சீற்று முழுதாக இருக்கும். மச்சானுக்குப் பனங்கட்டியும் புழுக்கொடியலும் கொடுத்தால் அவர் கோபிக்கப்போவதில்லை.

கடைசிச் சொட்டுவரை உறிஞ்சுவது

பிளாவின் அடியில் வெள்ளையாகக் கலங்கி நிற்பதும் அதே மண்டிதான். வயிறு ஊதும். ஊற்றிவிடுங்கள்.

"கள்ளுத்தானே" என்று வாகனத்தை எடுப்பது

பொலிசார் ஊதச் சொல்லும் பலூனுக்குக் கள்ளு, சாராயம் என்ற பேதம் இல்லை.

ஸ்ரோங் பியரைப் பியர் என்று எண்ணுவது

625 மில்லிலீற்றர் சாதாரண லாகரில் சுத்த மதுசாரம் சுமார் 30 மில்லிலீற்றர். அதே போத்தல் ஸ்ரோங் என்றால் 8 வீதத்துக்கு மேல், அதாவது 50 மில்லிலீற்றரைத் தாண்டும். 33.5 வீதச் சாராயத்தில் 180 மில்லிலீற்றர்க் கால் போத்தல் எடுத்தால் 60. "ரெண்டு பியர்தான் மச்சான்" என்பவர் ஸ்ரோங்கில் இரண்டு எடுத்திருந்தால், கிட்டத்தட்ட அரைப் போத்தல் சாராயம் உள்ளே போயிருக்கிறது.

கசிப்பு (களவாகக் காய்ச்சும் சாராயம்)

வேண்டாம்.

நிறை கேட்காமல் பைற்ஸ் (குடியோடு கொறிப்பது) சொல்வது

கணவாயும் இறாலும் 100 கிராம் கணக்கில் விலைபோகும் இடத்தில் பச்சை நிறையா, பொரித்த நிறையா என்று கேளுங்கள். கணவாய் சட்டியில் நீர் விட்டுச் சுருண்டுவிடும். அரைக்கிலோ என்று சொன்னது கோப்பையில் கைப்பிடியாக வந்தால் கடைக்காரரோடு சண்டைபிடிக்க முடியாது. மான், மரை இறைச்சி இருக்கிறது என்று காதுக்குள் சொன்னால் எழும்பிவிடுங்கள். சட்டப்படி குற்றம், சட்டிக்குள் போனபின் அது மரையா மாடா என்று உங்களுக்குத் தெரியப்போவதும் இல்லை.

மூன்று மணிக்குக் கொத்துரொட்டி கேட்பது

சின்னக் கடைகளில் கொத்துத் தகடு சூடேறுவது பின்னேரம்தான். மூன்று மணிக்கு வற்புறுத்தினால் மத்தியான ரொட்டி, அரைச்சூட்டில் வதங்கி வரும். இரண்டு மணிக்கு முன் போய்ச் சோறு சாப்பிடுங்கள், அல்லது தகடு சத்தம் கேட்கும்வரை பொறுங்கள்.

வெள்ளிக்கிழமை மச்சம் (மீன், இறைச்சி) தேடுவது

பல கடைகளில் அன்று சைவம். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கம் மீன்பொரியல் விசாரிக்கவே வேண்டாம்.

முறிகண்டியில் முதல் பையை வாங்குவது

ஏ9 ஓரத்து முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்ததும் கச்சான் (வேர்க்கடலை) பைகளை நீட்டுவார்கள். கட்டித் தொங்கும் பை காலையில் கட்டியதாகவும் இருக்கலாம், நமுத்திருக்கும். "அக்கா, இப்ப வறுத்தது இருக்கோ?" என்று கேட்டு, பையைக் கையில் பிடித்துப் பாருங்கள். சூடு தெரியாவிட்டால் அடுத்த கடை.